இணையக் கடையும் சதுரகராதியும்
(தேடுதலை எளிமையாக்கும் வழிகள் குறித்த ஓர் ஆய்வு)

முன்னுரை

இங்கிலாந்தின் வடபகுதியில் கேட்ஸ்ஹெட் என்றோர் ஊர் உள்ளது. 1984 மே திங்களில், அவ்வூரில் வாழ்ந்த ஜேன் ஸ்நோபால் என்னும் 72 அகவை மூதாட்டியார் தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்தார். கையிலிருந்த கருவியின் பொத்தான்களை அழுத்தி, மார்கரின், சோளச் சீவல், முட்டை ஆகிய மூன்றையும் டெஸ்கோ கடையில் கேட்டார். தொலைபேசிக் கம்பி வழியே அவர் விருப்பம் கடைக்குச் சென்றது. பொருள்கள் வீடு வந்து சேர்ந்தன. தொலைக்காட்சியையும் கணிப்பொறியையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்து, 1979-இல் மைக்கேல் ஆல்ட்ரிச் வகுத்த முறையே இதற்கு அடிப்படையாகும். நடமாட்டம் குறைந்த முதியோர்க்கு உதவும் நோக்குடன் நடைபெற்ற திட்டம் அது. இணையவழி வாணிகத்தின் தொட்டில் பருவத்திலேயே ஒரு முதியவரின் வசதி முன்னிறுத்தப்பெற்றது என்பது ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது.

அம்மூதாட்டியார் பார்த்தது சிறியதொரு பொருட்பட்டியல். இன்றைய பெரிய இணையக் கடைகளிலோ கோடிக்கணக்கான பொருள்கள் குவிந்துள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தல் எவர்க்கும் இயலாது; தேடியே அடைதல் வேண்டும். ஆகவே, இணையக் கடையின் தலைவாயில் அதன் தேடுபெட்டியே எனலாம். அவ்வாயில் திறவாவிடின், உள்ளே எத்துணைப் பொருள் இருந்தும் பயனில்லை. வாங்க வந்தவர் வெறுங்கையுடன் திரும்புகிறார். நல்ல பொருளை விற்க வைத்திருந்த சிறு வணிகரோ, தம்மைத் தேடி ஒருவர் வந்ததையே அறியாது போகிறார்.

அவ்வாயிலை எவ்வாறு எளிதில் திறக்கச் செய்வது? வண்ணங்களையும் படங்களையும் குறைத்தால் போதும் என்பர் சிலர். வாங்க வருபவர் வழங்கும் சொல்லைக் கடை அறிந்திருத்தலே எளிமையின் உயிர்நிலை என்பதும், அவ்வறிவுக்கு வேண்டிய அடிப்படை நம் அகராதி மரபில் முன்னரே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தேடும் பொறியும் சொல்லடைவும்

ஒருவர் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தவுடன் கணிப்பொறி கடை முழுவதையும் துழாவத் தொடங்குகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. ஒவ்வொரு பொருளின் பெயரிலும் விளக்கத்திலும் உள்ள சொற்களை முன்னதாகவே பிரித்தெடுத்து, எச்சொல் எப்பொருள்களில் வருகிறது என்று பொறி குறித்து வைத்துக்கொள்கிறது. தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. சங்க நூல்களுக்கு நம் அறிஞர்கள் செய்த சொல்லடைவு இதுவே. நூலின் இடத்தில் கடைச் சரக்கும், பாடல் எண்ணின் இடத்தில் பொருளின் எண்ணும் வருகின்றன, வேறுபாடு அவ்வளவே.

கிடைத்தவற்றுள் எதை முன் வைப்பது என்பது அடுத்த வினா. கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் ஆங்கில நாட்டு அறிஞர் 1972-இல் ஒரு நெறியை வகுத்தார். எங்கும் காணப்படும் சொல்லைவிட, சிலவிடங்களில் மட்டும் காணப்படும் சொல்லுக்கு மதிப்பு மிகுதி என்பது அந்நெறியின் சாரம். ‘நீல நிறக் கைலி’ என ஒருவர் தேடினால், ‘நிறம்’ என்பது பல்லாயிரம் பொருள்களின் விளக்கத்தில் வரும். ‘கைலி’ சிலவற்றில் மட்டுமே வரும். ஆதலின் ‘கைலி’ என்பதற்கே பொறி முதன்மை தருதல் வேண்டும்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. அடைவில் இல்லாத சொல்லைக் கேட்டால் பொறி கைவிரித்துவிடும். தெருக்கோடிக் கடைக்காரர் அவ்வாறு செய்வதில்லை. நாம் எப்பெயரால் கேட்டாலும் அவர் அறிகிறார். தவறாகச் சொன்னாலும் திருத்திப் புரிந்துகொள்கிறார். ஐயம் எழுந்தால் ‘எதற்கு வேண்டும்?’ என்று வினவுகிறார். அக்கடைக்காரரின் மொழியறிவைப் பொறிக்கு எவ்வாறு ஊட்டுவது என்பதே சிக்கல்.

சதுரகராதியின் நாற்பகுப்பு

பழைய நிகண்டுகள் செய்யுளில் அமைந்தவை. மனப்பாடம் செய்தார்க்கே அவை கைகொடுத்தன. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி, சொற்களை அகரவரிசையில் நிறுத்தி, நாடுவார் எவரும் எளிதில் காணுமாறு செய்தது. தேடுதலை எளிமையாக்கிய பெரும்பணி என்றே அதனைக் கூறல் தகும். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் அதன் நான்கு பகுதிகளும் இணையக் கடையின் தேடுபொறி செய்யவேண்டிய நான்கு வேலைகளோடு பொருந்தி நிற்கின்றன. அவற்றை முறைமாற்றி ஒவ்வொன்றாகக் காண்போம்.

அ) பொருள்: ஒரு பொருட்குப் பல பெயர்

பொருளகராதி ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைத் தொகுத்துரைப்பது. கடைத்தெருவில் இதன் தேவை மிகப் பெரிது. கைலி என்று ஓர் ஊரார் கூறுவதை லுங்கி என்பர் பிறிதோர் ஊரார். தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் அது சாரம். புடவையும் சேலையும் ஒன்றே. தென்மாவட்டத்தார் சீனி என்பதை வடமாவட்டத்தார் சர்க்கரை என்பர். இலங்கைத் தமிழர்க்கோ சர்க்கரை என்பது வெல்லத்தைக் குறிக்கும். விற்பவர் ‘லுங்கி’ என்று மட்டும் எழுதி வைத்து, வாங்குபவர் ‘சாரம்’ என்று தேடினால், இருவரும் ஒரே கடையில் இருந்தும் ஒருவரையொருவர் காணார். ஒருபொருட் பன்மொழி அட்டவணை ஒன்றைப் பொறிக்கு அளிப்பின் இக்குறை நீங்கும். திவாகரம் தொடங்கி நம் முன்னோர் செய்துவந்த பணியே இது. இற்றைக் கடைத்தெருச் சொற்களுக்கு அதனை நீட்டித்தல் வேண்டும்.

ஆ) பெயர்: ஒரு சொற்குப் பல பொருள்

பெயரகராதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. மேற்கண்ட ‘சாரம்’ என்பதையே கொள்வோம். உடுக்கும் சாரம் ஒன்று. கொத்தனார் ஏறி நிற்கக் கட்டும் சாரம் மற்றொன்று. பிழிந்தெடுத்த சாறும் சாரமே. ‘படி’ என்றால் ஏறும் படியா, அளக்கும் படியா? தனிச்சொல்லைக் கொண்டு இதனைத் துணிய இயலாது. இவ்விடத்துப் பொறி தானே ஒன்றைத் துணிந்துவிடாமல், ‘உடை’, ‘கட்டுமானப் பொருள்’ எனப் பிரிவுகளைக் காட்டி, தேடுபவரையே தேர்ந்துகொள்ளச் செய்தல் முறை. ‘எதற்கு வேண்டும்?’ என்னும் கடைக்காரரின் வினா இங்கே இரண்டு பொத்தான்களாக வடிவெடுக்கிறது.

இ) தொடை: ஒலியால் நெருங்கிய சொற்கள்

தொடையகராதி எதுகை நோக்கி ஒலியொத்த சொற்களை அடுக்கித் தருவது, புலவர்க்குப் பயன்பட்டது. பிழையாக எழுதப்பெற்ற சொல்லின் சரியான வடிவத்தைக் காண, பொறிக்கும் இத்தகைய ஒலிநெருக்க அறிவு வேண்டும். உருசிய நாட்டுக் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஸ்டைன் 1965-இல் இதற்கோர் அளவையை வகுத்தார். ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணுவதே அது. ‘செறுப்பு’ என்று எழுதியவர் ‘செருப்பு’க்கு ஓர் எழுத்துத் தொலைவில் நிற்கிறார்.

தமிழுக்கு இவ்வளவையை அப்படியே கொள்ளல் ஆகாது. லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும், னகர ணகர நகரங்களும் மயங்குதல் இயல்பாதலின், அவற்றிடையே தொலைவைக் குறைத்துக் கணக்கிடல் வேண்டும். பிறமொழிச் சொற்களிலும் மயக்கம் மிகுதி. மெய்யெழுத்து மொழிமுதலில் வாராது என்னும் மரபைப் பேணுவார் ‘பிளாஸ்க்’ என்பர்; ஏனையோர் ‘ப்ளாஸ்க்’ என்றும் ‘ஃபிளாஸ்க்’ என்றும் எழுதுவர். மூவரும் தேடுவது ஒரே வெந்நீர்க் குடுவையை அன்றோ?

கண்ணுக்குத் தெரியாத மயக்கமும் ஒன்றுண்டு. யூனிகோடு முறையில் ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றாக்கப்பெறாத அடைவில் அவை இரு வேறு சொற்கள். ‘ஔ’ என்னும் உயிரெழுத்துக்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவாரும் உளர். இவ்வேறுபாடுகளை முன்கூட்டியே ஒன்றாக்கிக்கொள்ளாத பொறி, பிழையின்றி எழுதியவரையும் பிழை செய்தவராக்கி வெளியே நிறுத்திவிடும்.

திருத்துதலிலும் எல்லை வேண்டும். ‘அரம்’ என்று ஒரு தச்சர் தேடினால், இரும்பையும் மரத்தையும் தேய்க்கும் கருவியை அவர் நாடுகிறார். அதனை ‘அறம்’ எனப் பொறி திருத்திக்கொண்டு நீதி நூல்களை அடுக்கிக் காட்டினால் அவர் என் செய்வார்? தமிழ் முஸ்லிம்கள் வாழும் பல ஊர்களில், முதிய மகளிர் வெளியே செல்லுங்கால் போர்த்திக்கொள்ளும் வெண்ணிற ஆடைக்குத் ‘துப்பட்டி’ என்று பெயர். ‘துப்பட்டா’ என்னும் சொல்லுக்கு இஃது ஓர் எழுத்துத் தொலைவே. துப்பட்டாவைத் தேடுவோர் மிகப் பலர். துப்பட்டியைத் தேடுவோர் சிலர். பெரும்பான்மையை மட்டும் கருதும் பொறி, ஒரு பாட்டியார் இட்ட சொல்லைப் பிழையென்று கொண்டு, சொல்லாமலே மாற்றிவிடக்கூடும். அவ்வாறு நிகழின், அவர் வேண்டியது கிட்டாது என்பதோடு நில்லாது, தலைமுறை தலைமுறையாக வழங்கிய சொல்லே பிழையானது என்னும் எண்ணத்தையும் அது அவர் பேரக்குழந்தைகளுக்கு ஊட்டிவிடும். எனவே இட்ட சொல்லுக்குரியதை முதலில் காட்டி, ‘இதனையா தேடுகிறீர்கள்?’ என்று மற்றதைப் பக்கத்தில் வைத்தலே முறையாகும்.

ஈ) தொகை: வகைப்பாடு

தொகையகராதி, கூட்டமாக வழங்கும் பொருள்களை வகைப்படுத்தி உரைப்பது. கடையில் இதுவே நிறம், விலை, அளவு, துணி எனப் பக்கவாட்டில் அமையும் வடிகட்டிகளாகும். ஒரு பொருளைப் பல கூறுகளின் வழி நோக்கும் இம்முறைக்குத் தமிழ் மண்ணில் பிறந்த அறிஞர் ஒருவரின் பங்களிப்பு மிகப் பெரிது. சீர்காழியில் 1892-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். அரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே கிளையில் அடைத்துவிடாது, அதன் பல முகங்களையும் தனித்தனியே குறித்துப் பின் இணைப்பது அம்முறை. ‘பருத்தி’, ‘நீலம்’, ‘500 ரூபாய்க்குள்’ என்று மூன்று முகங்களால் ஒரு சேலையை இன்று நாம் அணுகுதல் அதே நெறியின்பாற்படும்.

வடிகட்டிகளும் மிகுந்தால் சுமையே. சேலைக்கு நீளமும் துணியும் வேண்டும். குக்கருக்குக் கொள்ளளவு வேண்டும். அவ்வப்பொருளுக்கு உரியவற்றை மட்டும் காட்டல் வேண்டும். ஒவ்வொன்றின் அருகிலும் எத்தனை பொருள் உள்ளது என்னும் எண் இருத்தல் நலம். தேர்ந்ததை ஒரே தொடுகையில் நீக்கவும் வழி வேண்டும்.

உருபும் எதிர்மறையும்

சதுரகராதியோடு இலக்கணமும் துணைபுரிய வேண்டிய இடம் ஒன்றுள்ளது. ஆங்கிலச் சொற்களின் ஈற்றை நீக்கி வேர்வடிவைக் காணும் முறையை மார்ட்டின் போர்ட்டர் 1980-இல் வெளியிட்டார். தமிழ்ச் சொல்லை அவ்வாறு ஈறு நறுக்கினால் மட்டும் போதாது. ‘மரத்தில் செய்த நாற்காலி’ என்பதில் ‘மரம்’ என்னும் பகுதியைக் காண, மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வந்தமை தெரிதல் வேண்டும். பட்டுச்சேலை, பட்டுச் சேலை, பட்டு சேலை ஆகிய மூன்றையும் ஒன்றென உணர, வல்லெழுத்து மிகும் இடம் தெரிதல் வேண்டும். நன்னூல் பதவியலில் நாம் பயிலும் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் ஆகிய ஆறும் இங்கே கடைச் சரக்கைத் தேடித் தரும் கருவிகளாகின்றன.

உருபுகளையும் வீணென்று தள்ளல் கூடாது. ‘500 ரூபாய்க்குள்’, ‘500 ரூபாய்க்கு மேல்’ என்னும் இரண்டிலும் எண் ஒன்றே, கேட்பது நேர்மாறானது. ‘குழந்தைக்குச் செருப்பு’ என்பதிலுள்ள நான்காம் வேற்றுமை உருபு, யாருக்கு என்பதை உணர்த்தி அளவையும் குறிப்பால் தந்துவிடுகிறது.

எல்லாவற்றினும் கவனத்திற்குரியது எதிர்மறை. சிறு சொற்களை விடுத்துத் தேடும் வழக்கம் பொறிகளுக்கு உண்டு. நீரிழிவு நோயுடைய ஒருவர் ‘சர்க்கரை இல்லாத பிஸ்கட்’ என்று கேட்க, ‘இல்லாத’ என்பதைப் பொறி விட்டுவிடின், அவர் விலக்க விரும்பியதே அவர் முன் வரிசையாக வந்து நிற்கும். நிலக்கடலை ஒவ்வாத குழந்தையின் தாய் தேடும்போதும் இதே நிலைதான். தேடுதலின் பிழை இங்கே உடல்நலத்தைத் தொடும் பிழையாகிறது.

பக்க அமைப்பில் கருதவேண்டியவை

மொழியறிவு அமைந்தபின் பக்கத்தின் தோற்றத்தைக் கருதலாம். பொறி தன் துறைச்சொற்களை விடுத்துப் பயன்படுத்துவோர் அறிந்த சொற்களால் பேச வேண்டும் என்பது, 1994-இல் ஜேக்கப் நீல்சன் வெளியிட்ட பத்து நெறிகளுள் ஒன்று. அதனைத் தழுவிச் சிலவற்றைக் கூறலாம்.

1. தேடுபெட்டி பக்கத்தின் உச்சியில், எப்பக்கம் சென்றாலும் அதே இடத்தில் இருத்தல் வேண்டும். வெறும் படக்குறியோடு நில்லாது ‘தேடுக’ என்னும் சொல்லும் அமைதல் நன்று.

2. இட்ட சொல் தேடிய பின்னும் பெட்டியில் நிலைத்திருத்தல் வேண்டும். ஓர் எழுத்தைத் திருத்த முழுவதையும் மீண்டும் எழுதச் செய்தல் முதியோர்க்கும் கைந்நடுக்கம் உடையோர்க்கும் துன்பம்.

3. பொருள் இல்லையெனில், ‘இல்லை’ என்று தெளிவாகக் கூறிப் பின் நெருங்கியதைக் காட்டல் வேண்டும். தொடர்பற்றதைக் கொட்டி இன்மையை மறைத்தல் ஆகாது.

4. அனுப்புகூலி உள்ளிட்ட முழுவிலையும் தேடல் பட்டியலிலேயே தெரிதல் வேண்டும்.

5. பெயரும் தொலைபேசி எண்ணும் பதிந்தால்தான் தேடலாம் என்னும் தடை கூடாது. கடைக்குள் நுழைபவரிடம் எவரும் முகவரி கேட்பதில்லை.

எளிமையும் நேர்மையும்

எளிமை என்னும் போர்வையில் ஏமாற்றும் நுழைதல் உண்டு. பணம் செலுத்தியவரின் பொருளை முதலிடத்தில் வைத்து, அது விளம்பரம் என்பதை மங்கிய எழுத்தால் மறைப்பின், பக்கம் எளிதாகத் தோன்றலாம், தேடல் நேரியதாகாது. இந்திய அரசின் 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், பலர் விற்கும் இணையச் சந்தைகள் எவ்வடிப்படையில் பொருள்களை வரிசைப்படுத்துகின்றன என்பதை எவரும் காணுமாறு எளிய மொழியில் விளக்கவேண்டும் என்கின்றன. 2023 நவம்பர் 30-இல் நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள், வாங்குவோரை மயக்கும் 13 வகை உத்திகளை விலக்கின. விளம்பரத்தை மறைத்துக் காட்டல், பொய்யான அவசரத்தை உண்டாக்கல், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்தல் என்பன அவற்றுட் சில.

தராசின் முள் எல்லார்க்கும் தெரியும்படி இருத்தல் வாணிகத்தின் பண்டைய அறம். தேடல் பட்டியலின் வரிசையே இணையக் கடையின் தராசு. அதன் முள்ளும் மறைவின்றி இருத்தல் வேண்டும்.

சோதித்து அறிதல்

ஒரு தளம் எளிதா என்பதை அதனைச் செய்தவர் கூறல் பொருந்தாது. ஐந்து பேரை அமர்த்திப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் புலப்படும் என நீல்சன் 2000-இல் எழுதினார். அவ்வைவருள் ஒரு முதியவர், ஓர் இல்லத்தரசியார், ஆங்கிலம் அறியாத ஓர் உழைப்பாளி இருத்தல் நலம். ‘பேரனுக்கு 300 ரூபாய்க்குள் ஒரு தொப்பி எடுங்கள்’ என்று பணித்துவிட்டு நாம் வாய் திறவாது பார்த்தல் வேண்டும். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே தளம் பிழைபட்டிருக்கிறது. பிழை அவருடையது அன்று.

தேடியும் பொருள் கிட்டாத சொற்களின் பட்டியலை நாள்தோறும் படித்தலும் இன்றியமையாதது. கடை இன்னும் கல்லாத சொற்கள் அவை.

முடிவுரை

2020 சூன் திங்களில் பிளிப்கார்ட்டும், அவ்வாண்டு செப்டம்பரில் அமேசானும் தமிழில் தம் பக்கங்களை அளிக்கத் தொடங்கின. பக்கத்தைத் தமிழில் காட்டுதல் முதற்படி. தமிழில் கேட்பதைப் புரிந்துகொள்ளுதல் அடுத்த படி. அதற்கு வேண்டிய சொற்களஞ்சியம் பொறியாளரிடம் மட்டும் இல்லை. அது கடைத்தெருவில், சமையற்கட்டில், தறிமேடையில், பட்டறையில் உள்ளது. அதனை வகுத்துத் தொகுக்கும் பயிற்சியோ தமிழ் பயில்வோரிடம் உள்ளது.

ஆகவே நம் மாணவர்கள் ஒன்று செய்யலாம். விடுமுறையில் தத்தம் ஊர்க் கடைத்தெருவுக்கு ஒரு குறிப்பேட்டுடன் செல்லுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு பத்தி வரையுங்கள்: அதன் பிற பெயர்கள், அப்பெயர்க்குள்ள பிற பொருள்கள், அதனைப் பிழையாக எழுதும் வடிவங்கள், அது சேரும் வகை. பெரியோர்களைக் கேளுங்கள், மறைந்துவரும் சொற்கள் அவர்களிடமே உள்ளன. ஒரு மாணவர் நூறு சொல் தொகுத்தால், ஒரு வகுப்பு சில ஆயிரம் சொற்களைத் தொகுக்கும். அத்தொகுதி ஒரு புதிய சதுரகராதியாகும்.

கேட்ஸ்ஹெட் மூதாட்டியார்க்கு 1984-இல் மூன்று பொருள்கள் தடையின்றிக் கிட்டின. நம் வீட்டுப் பாட்டியார் தம் சொல்லால் ‘துப்பட்டி’ என்று கேட்டு, துப்பட்டியே பெறும் நாள் வரவேண்டும். அந்நாளில்தான் இணையக் கடை நம் தெருக்கோடிக் கடையின் எளிமையை எய்தியது என்று நாம் கூறலாம்.